என் இருமலைத் திருடியவள்

சாமு, நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரிந்தேதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். முனிசிபல் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை படித்தது கொஞ்சமாவது மிச்சம் இருக்கும். மெதுவாகவே வாசி. போனில் நான் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே "அம்மா, பஸ் கரோ, போதும்" என்று வைத்துவிடுகிறாய். தாளிடம் அப்படிச் சொல்ல முடியாது. இதை ஒளித்து வைக்கவும் வேண்டாம். உன் மனைவிக்கு வாசித்துக் காட்டு. சபையில் யார் கேட்டாலும் கொடு. எஸ்தர் கேட்டால் அவளுக்கே முதலில் கொடு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை மறுபடி எழுதிப் பார்க்கிறேன். "எஸ்தர் ஆன்ட்டிகிட்ட ஒரு சாரி சொல்லிரும்மா. சபையில எல்லார் முன்னாலயும் சொன்னாப் போதும். பாட்டுல என் பேரப் போடுதேன்னு டைட்டஸ் சொல்லுதான். ஒரே ஒரு சாரி." நான் பதில் சொல்லவில்லை. எனக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்து, "ரெஸ்ட் எடுங்க" என்று வைத்துவிட்டாய். மூச்சு வாங்கியது உண்மை. பதில் சொல்லாததற்குக் காரணம் அது இல்லை. பதில் இதுதான்: சொல்ல மாட்டேன். ஏன் என்பதற்குத்தான் இத்தனை தாள். உனக்குத் தெரியாத ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. அதை எழுதத் துணிவு வரும்வரை மற்றதை எழுதிக்கொண்டு போகிறேன்.

எஸ்தரை உனக்குத் தெரியும். உன் மனைவிக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். தாராவியில் எங்கள் வாசலுக்கு எதிர்வாசல் அவளுடையது. நடுவில் ஒரு ஆள் நடக்கும் சந்து. அவள் நாசரேத் பக்கம், நான் சாத்தான்குளம் பக்கம். ஒரே சபை, ஒரே மாதர் சங்கம். உன் அப்பா இறந்த வாரத்தில் என் தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சீவி விட்டவள் அவள்தான். இதை எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதாவிட்டால் நான் பொய்க்காரி ஆவேன். அவள் மகன் டைட்டஸும் நீயும் ஒரே வயது. சந்து முனையில் நின்று ஒருவன் வாயாலேயே தாளம் போடுவான், மற்றவன் மூச்சு விடாமல் வரி வரியாகக் கொட்டுவான். ராப் என்றீர்கள். எழுதுவது நீ, பாடுவது அவன். இன்று அவனுக்கு மேடைப் பெயர் ஒன்று இருக்கிறது, ஊரெல்லாம் அதைச் சொல்லிக் கத்துகிறது. என் வாயில் அந்தப் பெயர் வராது. எனக்கு அவன் டைட்டஸ்தான்.

உனக்கு இருபது வயதில் எனக்கு நோய் வந்தது. பை தைக்கும் பட்டறையில் உள்துணி தைத்துக்கொண்டிருந்தேன். முதலில் சாயங்காலக் காய்ச்சல், பிறகு இருமல், ஒருநாள் மோரியில் கொஞ்சம் ரத்தம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் படம் எடுத்து டிபி என்றார்கள். ஒன்பது மாதம் மாத்திரை. முதல் நாள் மாத்திரை தின்றுவிட்டு, வீட்டு மூலையில் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் எல்லாவற்றுக்கும் இருக்கும் அந்த ஒரே மோரியில் உட்கார்ந்தவள் அலறிவிட்டேன். மூத்திரம் செக்கச்செவேல் என்று போனது. ரத்தம்தான் போகிறது, செத்துவிடுவேன் என்று நினைத்தேன். நீ நர்சிடம் ஓடிக் கேட்டு வந்து, "அம்மா, அது மாத்திரையோட நெறம். எல்லாருக்கும் அப்படித்தான் போகுமாம்" என்றாய். அந்த வாரம் நீ எழுதிய பாட்டில் ஒரு வரி வந்தது. நீ இந்தியில் எழுதியதைத் தமிழில் சொன்னால்: சூரியன் மலையிலும் உதிக்காது, கடலிலும் உதிக்காது, எங்கள் வீட்டு மோரியில்தான் முதலில் உதிக்கும். எனக்கு வாசித்துக் காட்டினாய். "அம்மைக்க மூத்திரத்தையாலே பாட்டாக்குத?" என்று கரண்டியை எடுத்து எறிந்தேன். பிறகு நாம் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததில் எனக்கு இருமல் வந்து, நீ முதுகைத் தடவிவிட்டாய்.

எஸ்தருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியாது. நான் அவள் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் எடுக்கவில்லை. "அத நீயே கொண்டு போடி. இனிமே அது உனக்கு" என்றாள். பொருளைக் கொடுப்பதுபோலத்தான் சொன்னாள். மறுநாள் தண்ணீர்க் குழாயில் என் குடத்துக்கு முன்னும் பின்னும் இடம் விட்டு வரிசை நின்றது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். திருவிருந்து நாளில் நடந்ததைப் பொறுக்கவில்லை. அப்போது மாத்திரை தொடங்கி இரண்டு மாதம். இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை எஸ்தரிடமும் சொல்லியிருந்தேன். பலிபீடத்துக்கு முன்னால் இருக்கும் படியில் முழங்கால் போட்டேன். பக்கத்தில் அவள். எல்லோரும் வாய் வைத்துக் குடிக்கும் திராட்சரசப் பாத்திரம் எங்களை நோக்கி வரும்போது அவள் சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வரிசையின் அந்தக் கோடிக்குப் போய் மறுபடி முழங்கால் போட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள் எழுந்தாள், பிறகு இன்னொருத்தி. அந்த நீளமான படியில் நான் மட்டும் இருந்தேன். அடுத்த மாதத்திலிருந்து என்னைக் கடைசி ஆளாக வரச் சொன்னார் பாஸ்டர். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. அந்த ஞாயிறுகளில் நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன், எனக்கு ஆராதனைக்கு வரச் சோம்பல் என்று நீ நினைத்தாய்.

இப்போது படத்துக்கு வருகிறேன். டைட்டஸின் வாழ்க்கையைப் படமாக எடுத்திருக்கிறார்கள் என்று சந்தில் எல்லோரும் கூட்டமாகப் பார்க்கப் போனார்கள். நான் போகவில்லை. நாலு நாள் கழித்து, தெரிந்தவர் யாரும் இருக்கக்கூடாதென்று செம்பூருக்குப் போய் மத்தியானக் காட்சியில் தனியாக உட்கார்ந்தேன். படிக்கட்டு ஏறவே மூன்று இடத்தில் நின்றேன். பழைய நோய் தின்ற நுரையீரல் திரும்ப வளராது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். படத்தில் டைட்டஸின் அம்மாவுக்கு டிபி. வெள்ளை வெளேர் என்று ஒரு நடிகை, வெள்ளைக் கைக்குட்டையில் இரண்டு தடவை இருமுகிறாள், குருவி தும்முவதுபோல. அந்த நோய்க்காரி அப்படி இருமமாட்டாள், சாமு. விலாவைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மூச்சு வருமா என்று பார்த்துக்கொண்டு இருமுவாள். அவளுக்கு ஒரு தனி டம்ளர் வைக்கிறார்கள். அவள் அதைக் கன்னத்தில் வைத்து அழுகிறாள். தியேட்டரில் பக்கத்தில் இருந்த பெண்ணும் அழுதாள். பிறகு உன் பாட்டு வருகிறது, டைட்டஸின் பெயரில். மோரி வரி வரும்போது, தாராவியின் தகரக் கூரைகளுக்கு மேலே தங்க நிறத்தில் சூரியன் எழும்புவதைக் காட்டினார்கள்! நான் வாய்விட்டுச் சிரித்தேன். முன்னால் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். எடுத்தவர்களுக்கு எதை எடுத்தோம் என்றுகூடத் தெரியவில்லை.

நீயும் அந்தப் படத்தில் இருக்கிறாய். இரண்டு நிமிடம். சட்டையை இன் செய்த ஒரு பயந்தாங்கொள்ளி நண்பன். "ராப் வாப் சோட் யார், நௌக்ரி கர்" என்று, ராப்பை விட்டு வேலைக்குப் போகச் சொல்லிவிட்டு ரயிலேறிப் போய்விடுகிறான். தியேட்டர் சிரித்தது. அங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வசனம் உன் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. அது யார் வாயிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரமே எஸ்தரின் பேட்டி ஒன்று எல்லோர் போனிலும் சுற்றியது. இப்போது அவர்கள் குடியிருக்கும் செம்பூர் பிளாட்டில், பெரிய சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "எனக்குத் தனி டம்ளர் வச்சாங்க. சொந்த ஜனமே என்னை ஒதுக்குனாங்க" என்று கண்ணைத் துடைக்கிறாள். மூன்று தடவை பார்த்தேன். என் நோயை எடுத்தாள், சரி. எனக்கு அவள் செய்ததையும் எடுத்துத் தனக்கு நடந்ததாக்கிக்கொண்டாள். அப்படியானால் அதைச் செய்தவள் யார்? அந்தக் கதையில் எனக்கு மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான்.

அதனால் மாதர் சங்கம் அவளுக்குப் பாராட்டு விழா என்றபோது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இத்தனை வருடமாகச் சங்கத்தின் காரியதரிசி நான்தான். அறிக்கை எழுதுவதும் நன்றியுரை சொல்வதும் என் வேலை. சனிக்கிழமை மத்தியானம் ஹால் நிறைந்திருந்தது. மேடையில் "காசநோயை வென்ற தாய்" என்று பேனர். டைட்டஸ் கறுப்புக் கண்ணாடியோடு முன்வரிசையில் இருந்தான். எஸ்தருக்குச் சால்வை போட்டார்கள். பாஸ்டர் ஜெபம் செய்தார். பிறகு மைக் என் கைக்கு வந்தது.

"எஸ்தரக்கா, நன்றி சொல்லுததுக்கு முன்னால ஒரு சந்தேகம்" என்றேன். "பாட்டுல, சூரியன் மோரியில உதிக்குன்னு வருதுல்லா, அதுக்கு என்ன அர்த்தம்?"

அவள் சிரித்தாள். "அது நம்பிக்கைம்மா. எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விடியும்னு எழுதியிருக்கான்."

"சரிக்கா. நீங்க மாத்திரை தின்ன நாள்ல உங்க மோரியில என்ன நெறத்துல ஓடிச்சு?"

"என்ன நெறமா? எது?"

"மூத்திரம், அக்கா."

ஹாலில் யாரோ "அய்யய்யோ" என்றார்கள். பாஸ்டர் எழுந்து, "எம்மா, இதெல்லாம் இங்க எதுக்கு" என்றார்.

"ஒரே ஒரு பதில்தான் ஐயா. தின்னவங்களுக்குத் தெரியும்."

எஸ்தர் டைட்டஸைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். "எல்லாருக்கும் போறமாதிரிதான். மஞ்சளா" என்றாள்.

நான் அதற்குமேல் எதுவும் திட்டமிட்டிருக்கவில்லை. ஆனால் மூன்றாவது வரிசையில் இருந்து கிரேஸ் எழுந்தாள். பாடகர் குழுவில் கடைசியில் நிற்பாளே, அவள்தான். "மஞ்சளா போகாதுக்கா" என்றாள். "காவி நெறத்துல, செவந்து போகும். நான் ரத்தம்னு பயந்து அழுதேன்." அவளுக்கு அந்த நோய் வந்தது சபையில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆறு மாதம் ஊருக்குப் போயிருந்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். கட்டிக்கொடுத்த மகள் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். அப்புறம் பின்னாலிருந்து இன்னொருத்தி எழுந்தாள். "எனக்கும் அப்படித்தான் போச்சு." மொத்தம் ஐந்து பேர் எழுந்தார்கள், சாமு. அன்று படியில் என்னை விட்டு எழுந்து போனவர்களில் ஒருத்தியும் அந்த ஐந்து பேரில் இருந்தாள்.

நான் எஸ்தரைப் பார்த்துச் சொன்னேன். "அது நம்பிக்கை இல்லக்கா. என் மூத்திரம். எழுதுனது என் மகன்."

அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். சால்வை தோளிலிருந்து சரிந்தது, அவள் எடுத்துப் போடவில்லை. மேடைக்குக் கீழே செருப்பைத் தேடினாள், ஒன்று கிடைத்தது, மற்றது கிடைக்கவில்லை. யாரும் குனிந்து எடுத்துக் கொடுக்கவில்லை. நான் மைக்கைப் பிடித்தபடி, அவள் ஒற்றைச் செருப்போடு வாசல் வரை போவதைப் பார்த்தேன். நுரையீரல் முழுக்கக் காற்று நிறைந்ததுபோல இருந்தது. எஸ்தரை மன்னிக்க வேண்டும் என்று பாஸ்டர் மறுநாள் வீட்டுக்கே வந்து சொன்னார். "அன்னைக்குப் படியில நான் தனியா இருந்தப்ப அவகிட்டப் போய் இதச் சொன்னீங்களா ஐயா?" என்றேன். தேநீர் குடிக்காமல் போய்விட்டார்.

இதுவரை உனக்குப் பாதியாவது தெரியும். யாரோ எடுத்த வீடியோவை நீயும் பார்த்தாய். அதில் வராதது இனிமேல்தான். விழா கலைந்தபின் டைட்டஸ் கேட்டுக்கு வெளியே எனக்காக நின்றான். கண்ணாடியைக் கழற்றியிருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன், பதிலும் தயாராக இருந்தது.

"ஆன்ட்டி, ஏக் பாத் பூச்சூம், ஒன்னு கேக்கட்டா? சாமு பாட்டெழுதுன நோட்ட நான் திருடுனேனா?" என்றான்.

பக்கத்தில் யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன்.

"நீங்கதானே கையில குடுத்தீங்க. பதினோரு வருசமா சாமு என்னை எல்லார்கிட்டயும் சோர், திருடன்னு சொல்லுதான். நான் ஒரு நாள் வாயத் தொறந்தேனா?"

"ஏம்ல தொறக்கல?"

"அவனுக்கு அப்பாவும் இல்ல. நானும் இல்லன்னு ஆயிட்டு. நீங்களும் இல்லாமப் போயிட்டா?" என்றான்.

"அப்ப உங்கம்மைக்கு ஏம்ல என் நோயக் குடுத்த?"

"படம் எடுத்தவங்க, பாட்டுல வர்ற அம்மா எங்கன்னு கேட்டாங்க. எங்கம்மாவக் காட்டிட்டேன். அப்புறம் நிறுத்த முடியல, ஆன்ட்டி."

ஆமாம், சாமு. நான்தான் கொடுத்தேன். மாத்திரை தொடங்கி எட்டாவது மாதம் அது. வாஷியில் ஒரு ஆபீசில் உனக்கு இன்டர்வியூ இருந்தது. நீ அங்கே போகாமல் டைட்டஸோடு ஏதோ கல்லூரிப் போட்டிக்குப் போய்விட்டாய். இரண்டு பேரும் கோப்பையோடு வந்தீர்கள். "ராப் வாப்ப விட்டுட்டு நௌக்ரி பாருல" என்று நான் கத்திய கத்தல் சந்து முழுக்கக் கேட்டது. அதைத்தான் டைட்டஸ் படக்காரர்களிடம் சொல்லி, அவர்கள் உன் வாயில் வைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் நீ எனக்கு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாய். டைட்டஸ் பாட்டு நோட்டுக்காக வந்தான். பரணிலிருந்து நாலு நோட்டையும் இறக்கி, உள்துணி தைக்கும் நூலால் கட்டி, அவன் கையில் கொடுத்தேன். "எல்லாத்தையும் கொண்டு போ. இனிமே இந்த வாசல மிதிக்காத."

"சாமுகிட்ட என்ன சொல்ல?" என்றான்.

"நான் சொல்லிக்கிடுதேன்."

நீ வந்து தேடினாய். கட்டிலுக்கடியில், பரணில், அரிசி டப்பாவுக்குப் பின்னால். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "டைட்டஸ் வந்துட்டுப் போனான்" என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிச்சப் பொய்யை நீயே கட்டி முடித்தாய். சந்தில் அவனோடு கட்டிப் புரண்டு, உதடு கிழிந்து வந்தாய். உன் உதட்டுக்கு மஞ்சள் வைத்துவிட்டது இந்தக் கைதான். அப்போதும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வாஷியில் வேலைக்குச் சேர்ந்தாய். பேனாவைத் தொடவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். நீ அவனைத் திட்டும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு நிம்மதி இருந்தது. அவனைத் திட்டும்வரை என்னைத் திட்டமாட்டாய் அல்லவா.

போன வியாழக்கிழமை நான் செம்பூருக்கு மறுபடி போனேன், டைட்டஸின் வீட்டுக்கு. எஸ்தர் உள்ளறையில் இருந்தாள், வெளியே வரவில்லை. வந்திருந்தாலும் நான் முகம் கொடுத்திருக்க மாட்டேன். டைட்டஸிடம் சொன்னேன்: "எல்லாத்தையும் சாமுவுக்கு எழுதப் போறேன். இனிமே நீ எனக்காக எதையும் மறைக்க வேண்டாம். உனக்கு நான் பட்ட கடன் தீந்துது. அவன் பேரு பாட்டுல வரணும். எங்கம்மைக்கு சாரி சொல்லணும்னு பேரம் பேசாத. வரலைன்னா அடுத்த விழாவுக்கும் நாங்க ஆறு பேரும் வருவோம்." அவன் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு, "போட்டுருதேன் ஆன்ட்டி. சாரி வேண்டாம்" என்றான். உள்ளறையில் படார் என்று கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதையும் ரசித்தேன். போட்டால் சந்தோஷம். போடாவிட்டால் நான் சொன்னதைச் செய்வேன்.

அவனோடு மறுபடி பேசுவதா இல்லையா என்பது உன் விஷயம். அவன் திருடன் இல்லை, கோழை. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நீ பார்த்துக்கொள். எஸ்தரிடம் மட்டும் என்னை அனுப்பாதே. அவள் வந்து, அன்று எழுந்து போனது தான்தான் என்று அதே சபையில் சொல்லட்டும். அப்போதும் மன்னிப்பேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மன்னிக்கத் தெரியாதவள் மன்னிப்புக் கேட்கவும் கூடாது. அதனால் உன்னிடம் கேட்கவில்லை. வாஷி பிளாட்டில் எனக்கென்று நீ ஒதுக்கி வைத்த அறைக்கு, நீ இதை வாசித்து முடிக்கும்வரை வர மாட்டேன். வாசித்த பிறகும் கூப்பிட்டால் வருகிறேன். கூப்பிடாவிட்டால் இங்கேயே இருக்கிறேன். ஆனால் ஒருமுறை நேரில் வா. வரும்போது பழம், ஹார்லிக்ஸ் எதுவும் வாங்கி வராதே, "ஜானே தோ அம்மா, விட்டுருங்க" என்றும் சொல்லாதே. பதினோரு வருடம் நீ டைட்டஸுக்குச் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் எனக்குச் சேர வேண்டியது. என் எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, எல்லாவற்றையும் சொல். கிழவி, நோயாளி என்று இரக்கப்படாதே. எனக்கு மூச்சு வாங்கினாலும் பாதியில் நிறுத்திவிடாதே.

அம்மா